காரியத்து ராத்திரி



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் மலை வரும். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், சில வருஷங்களுக்கு முன் ஒரு காரிய வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் கூத்து ஜமாவில் மத்தளம் வாசித்தவர். ஊரார் வீட்டுக் காரியங்களிலெல்லாம் விடிய விடிய வாசித்த கை. அன்று அவருக்காக அவருடைய ஜமாவே வந்து, கர்ணனின் சாவைச் சொல்லும் 'கர்ண மோட்சம்' கூத்தை ஆடியது.

நம் வடமாவட்டங்களில் இது உள்ள வழக்கம்தான். காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைத்தால் போன உயிர் நல்ல கதி அடையும் என்பது நம்பிக்கை. ஆனால் கூத்துக்காரருக்கே கூத்து வைத்து அன்றுதான் பார்த்தேன்.

மத்தளத்துக்கு அவரிடம் தொழில் கற்ற பையன் உட்கார்ந்தான். கை நடுங்கியது. முகவீணைக்காரர் அவனையே பார்த்தபடி, அவன் தாளத்துக்கு வந்து சேரும்வரை ராகத்தை நீட்டிக்கொண்டே போனார். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். திரை விலகியது. புஜக்கட்டையும் கிரீடமுமாக வந்த கர்ணன், ஆடத் தொடங்குமுன் குனிந்து அந்த மத்தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் கட்டத்தில் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். பொன்னுருவிக்காகவா, மத்தளக்காரருக்காகவா? யாரால் பிரித்துச் சொல்ல முடியும்!

இதே கர்ண மோட்சம்தான் நாடகாசிரியர் ந. முத்துசாமியையும் உலுக்கியது. புரிசை நடேச தம்பிரான் ஆடியதைப் பார்த்த பிறகு அவர் கூத்தை விடவே இல்லை. 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை பிறந்தது. நடேச தம்பிரானின் தம்பி கண்ணப்ப தம்பிரான் அந்தப் பட்டறைக்காரர்களுக்கு வாத்தியாராக இருந்தார். அவர் காலமான பின், செய்யாறு பக்கத்துப் புரிசையில் அவர் நினைவாக விழா எடுத்து ராத்திரி முழுக்கக் கூத்து ஆடுகிறார்கள். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்துபோகிற கூட்டம் அல்ல அது.

எல்லாக் கலைஞர்களுக்கும் இப்படி நினைவு வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 'புளூஸ்' என்று ஒரு பாட்டு வகை உண்டு. கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்தது. அதன் பேரரசி என்று பெயர் வாங்கிய பெஸ்ஸி ஸ்மித் 1937இல் கார் விபத்தில் இறந்தார். அவர் கல்லறையில் 33 வருஷம் பெயர் பொறித்த ஒரு கல் கிடையாது. 1970இல்தான் கல் வந்தது. பணம் போட்டவர்களில் ஒருவர், அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இன்னொருவர், சிறுமியாக பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த பெண். கேட்டவளுக்கும் கூட இருந்தவளுக்கும்தான் மனசு அடித்துக்கொண்டது.

நம் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மா 2025 ஜூனில் காலமானார். 'ஆண்பாவம்' படத்தில் நடிப்பதற்கு முன்பே வானொலியில் ஒலித்த குரல். இரங்கல் செய்தி மறுநாளே பழசாகிவிடும். அவர் பாடிய நாட்டுப்பாட்டை ஒரு சின்னப்பெண் தன் தொண்டையில் எடுத்துப் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டால் எனக்கு நெஞ்சு ஆறும்.

அந்தக் காரிய வீட்டில் கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் சாய்ந்தான். பையன் மத்தளத்தின் இடப்பக்கத்து ரவைப் பசையைச் சுரண்டி எடுத்தான். வாத்தியாரின் பழைய வேட்டித் துணியில் மத்தளத்தைச் சுற்றிக் கட்டினான். அடுத்து எங்கே கூத்து என்று கேட்டேன்.

"மரக்காணம் பக்கம், அம்மன் கோயில்ல. வந்துடுங்கண்ணா" என்றான்.