29-ஆவது பறப்பு

போர்ல உயிரை விட்ட ஒரு விமானியோட கதை இன்னைக்கு. அவருக்கு ரொம்பப் பெரிய விருது கொடுத்தாங்க. அந்த விருதுக்குள்ள அடங்காத சிலரைப் பத்தியும் சேர்த்துப் பேசணும்னு நினைக்கிறேன்.

அவர் பெயர் ராடன் ஹ்யூம் மிடில்டன். சிட்னியில் பிறந்தவர். ஆஸ்திரேலியக் கால்நடைப் பண்ணைகளில் வேலை பார்த்தவர். 1940-ல் விமானப்படையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, இங்கிலாந்துக்குப் போனார். அங்கே 149-ஆவது ஸ்குவாட்ரனில் ஸ்டிர்லிங் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்துக்கு கேப்டன். வயசு 26.

அப்போ ஒரு விமானிக்கு வழக்கமா ஒரு சுற்றுக்கு 30 பறப்புன்னு கணக்கு. அதை முடிச்சா கொஞ்ச காலம் சண்டையிலிருந்து விடுதலை. கேட்க சுலபமா இருக்கும். ஆனா பிரிட்டனோட பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அதில் செத்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு 44 பேர்! 30-ஐத் தொடுறதே பெரிய விஷயம்.

1942 நவம்பர் 28 இரவு மிடில்டன் கிளம்பியது 29-ஆவது பறப்புக்கு. இலக்கு, இத்தாலியின் டூரின் நகரத்தில் இருந்த ஃபியட் தொழிற்சாலை. விமானத்தில் எட்டு பேர்.

டூரினுக்குப் போகணும்னா ஆல்ப்ஸ் மலையைத் தாண்டணும். குண்டு ஏத்தின ஸ்டிர்லிங்கால அதிக உயரம் ஏற முடியாது. சுத்தி இருட்டு, ரெண்டு பக்கமும் சிகரங்கள். எரிபொருளும் கணக்குக்கு மேல தீர்ந்துகிட்டே இருக்கு. எப்படியோ தாண்டிட்டாங்க. இலக்கு சரியாத் தெரியணும்னு மிடில்டன் விமானத்தைச் சுமார் 2,000 அடிக்கு இறக்கினார்.

அங்கேதான் அடி விழுந்தது. விமான எதிர்ப்பு பீரங்கியின் ஒரு குண்டு காக்பிட்டிலேயே வெடித்தது. மிடில்டனின் வலது கண் போனது. உடம்பிலும் காலிலும் காயம். அவர் மயங்கிச் சாய, விமானம் 800 அடி வரை தலைகீழாக இறங்கிவிட்டது. துணை விமானிக்கும் காயம்தான். அந்த நிலையிலும் அவர் விமானத்தைத் தூக்கி நிறுத்தினார். குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மிடில்டனுக்கு நினைவு வந்தது. முதல் வேலையாக, துணை விமானியைப் பின்னால் போய்க் காயத்துக்குக் கட்டு போட்டுக்கச் சொன்னார். கண்ணாடி உடைந்து குளிர்காற்று நேரா முகத்தில் அடிக்குது. பேசினாலே வலி. பிரான்ஸ் மேலேயே எல்லாரும் பாராசூட்டில் குதிச்சிருக்கலாம். குதிச்சா ஜெர்மன்காரங்க கையில் சிக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆட்களை இங்கிலாந்து மண்ணில் இறக்கணும்னு மிடில்டன் முடிவு பண்ணினார். நாலு மணி நேரம் பறந்தார்.

இங்கிலாந்துக் கரையைத் தொட்டபோது மிச்சம் இருந்தது அஞ்சு நிமிஷத்துக்கான எரிபொருள். எல்லாரையும் குதிக்கச் சொன்னார். ஐந்து பேர் குதித்துத் தப்பினார்கள். காயத்தோட போராடின துணை விமானியும் அதில் ஒருவர். ஆனா முன்பக்கத் துப்பாக்கி வீரர் மேக்கி, இன்ஜினியர் ஜெஃப்ரி, இவங்க ரெண்டு பேரும் கேப்டனுக்கு உதவியா விமானத்திலேயே இருந்துட்டாங்க. விமானம் கடலில் விழுந்தது. மூணு பேரும் செத்துட்டாங்க. மிடில்டனின் உடல் 1943 பிப்ரவரி 1 அன்றுதான் டோவர் கடற்கரையில் ஒதுங்கியது.

அதுக்குள்ள அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிச்சாச்சு. ஆஸ்திரேலிய விமானப்படையில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். தகுதியான விருது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா மேக்கியையும் ஜெஃப்ரியையும் யோசிச்சுப் பாருங்க. கேப்டன் உட்பட எட்டு பேரில் ஏழு பேருக்குக் கதவு திறந்திருந்தது. இவங்க ரெண்டு பேரும் அதுவழியா போகலை. விக்டோரியா கிராஸ் ஒருத்தர் பெயருக்குத்தான் வந்தது. அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் மூணு பேருடையது.

இன்னொரு பக்கமும் இருக்கு. கீழே டூரின். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஊர் மேல குண்டு விழுந்தது. தொழிற்சாலை இருந்தா பக்கத்தில் குடியிருப்பும் இருக்குமே. சாதாரண மக்கள் செத்தாங்க, வீடுகள் போச்சு. அடுத்த மார்ச் மாசம் அதே ஃபியட் தொழிலாளர்கள் முசோலினி ஆட்சியில் துணிஞ்சு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக, குண்டுக்குக் கீழே இருந்தவங்க எல்லாருமே முசோலினியோட ஆட்களும் இல்லை.

இதைச் சொன்னா மிடில்டனோட தைரியம் குறைஞ்சிடுமா? எனக்கு அப்படித் தோணலை. அவர் வீரத்தைச் சொல்ல டூரினை மறைக்க வேண்டியதில்லை. டூரினுக்காக வருத்தப்பட அவரை வில்லனாக்கவும் வேண்டியதில்லை. லண்டன் கிரீன் பார்க்கில் 2012-ல் பாம்பர் கமாண்டுக்கு ஒரு நினைவுச்சின்னம் திறந்தாங்க. செத்த விமான வீரர்களுக்காகக் கட்டினது. அதிலேயே குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்ந்து ஒரு வாசகம் பொறிச்சிருக்காங்க. 70 வருஷம் கழிச்சு வந்தாலும், எனக்கு அது சரியாப் பட்டது.

அடுத்த தடவை ஒரு போர் வீரனோட சிலையையோ மெடலையோ பார்த்தா, கூட யார் இருந்தாங்க, கீழே யார் இருந்தாங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க.