டெஸ்டிமோனா செய்த குற்றம் என்ன?
(ஒரு சொற்பொழிவு)



ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். கவியின் பெருமையை அளப்பது நமது வேலையல்ல. அதற்குப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். நாடகத்தில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். அதைப் பார்த்து அழுகிறவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதே நமது கேள்வி.

வெனிஸ் நகரத்துப் பிரபு ஒருவரின் மகள் டெஸ்டிமோனா, தகப்பனைக் கேளாமல், மூர் இனத்துச் சேனாதிபதியான ஒத்தெல்லோவை மணந்துகொள்ளுகிறாள். இயாகோ என்பவன் நடுராத்திரியில் தகப்பன் வாசலில் நின்று, திருடன் வந்துவிட்டான் என்று கூச்சலிட்டு, மகளையும் பணப்பையையும் சேர்த்தே எச்சரிக்கிறான். தகப்பனும் மகள் களவு போனதாகவே சபையில் முறையிடுகிறான். அவளோ தானே விரும்பி மணந்ததாகத் துணிந்து சொல்லுகிறாள். உடனே தகப்பன், தன்னை ஏய்த்தவள் புருஷனையும் ஏய்க்கக்கூடும் என்று மருமகனுக்கு எச்சரிக்கை செய்துவிட்டுப் போகிறான். பிறகு இயாகோ அதையே எடுத்து ஒத்தெல்லோவின் காதில் ஓதுகிறான். ஒரு பெண் சுயபுத்தியோடு செய்த காரியமே அவளுக்கு விரோதமான சாட்சியாகிவிட்டது!

அப்புறம் ஒரு கைக்குட்டைதான் ருசு. டெஸ்டிமோனா மறுத்தாள், தோழி எமிலியா சத்தியம் செய்தாள். இரண்டு பெண்களின் வார்த்தையைவிட ஓர் ஆண்பிள்ளையின் வார்த்தை பெரிதாயிற்று. வெனிஸிலிருந்து வந்த தூதர் முன்னிலையில் மனைவியை அறைகிறான். பிறகு படுக்கையிலேயே மூச்சை அடக்கிக் கொல்லுகிறான்.

குற்றமற்றவளைக் கொன்றானே என்று ஜனங்கள் அழுகிறார்கள். சரி, இயாகோ சொன்னது நிஜமாயிருந்தால்? கொலை நியாயமாகிவிடுமா? ஒத்தெல்லோவின் துக்கமும் இந்த ரகம்தான். ஆளைத் தவறாக எண்ணிவிட்டோமே என்று வருந்துகிறானே யொழிய, மனைவியின் உயிரை எடுக்கத் தனக்கு ஏது உரிமை என்று ஒருக்காலும் கேட்டுக்கொள்ளவில்லை. காஸியோ பயாங்கா என்பவளோடு கூடிக் குலாவுகிறான். அவளுக்கு வேசிப் பட்டம். அவனுக்கோ கடைசியில் சைப்ரஸ் தீவின் அதிகாரம்!

கவி வாழ்ந்த இங்கிலாந்தின் சட்டமும் இப்படித்தான். 1351-ம் வருஷத்துச் சட்டப்படி, புருஷனைக் கொன்ற மனைவி எஜமானத் துரோகி, தீயிலிட்டு எரிப்பார்கள். மனைவியைக் கொன்ற புருஷனுக்கோ சாதாரணக் கொலைக்குற்றம். எரிப்பது 1790-லும், அந்தத் துரோகக் குற்றம் 1828-லும்தான் ஒழிந்தன.

நாடகத்தில் நமக்குப் பிடித்தவள் எமிலியா. அவள் இயாகோவின் மனைவி. புருஷன் கேட்டான் என்பதற்காகக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவளும் அவளே. பதிபக்தி அவ்வளவு தூரம்! ஆனாலும் ஆணுக்குள்ள ஆசையும் பலவீனமும் பெண்ணுக்கும் உண்டு, மனைவி தவறினால் அதற்குப் புருஷனே பொறுப்பு என்று ஓரிடத்தில் கூசாமல் பேசுகிறாள். 1622-ல் வந்த முதல் அச்சில் இந்தப் பேச்சு காணோம். 1623-ம் வருஷத்துப் பெரிய பதிப்பில்தான் இருக்கிறது. கொலை வெளிப்பட்டபோது இயாகோ அவளை வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லுகிறான். அவள் போகவில்லை. அத்தனை பேர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அதற்காக அவளைக் கத்தியால் குத்திக் கொன்றவன் அவளுடைய புருஷன்.