முதியோர் வகுப்பில் முரண்டு பிடிப்பவர்

(முதியோர் வகுப்பு ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

முதியோர் வகுப்பு எடுக்க முன்வரும் இளைஞர்கள் என்னைக் கேட்பது ஒரே கேள்விதான்: "அடங்காதவர்களை எப்படி அடக்குவது?" அடக்கவே வேண்டாம் என்பது என் பதில். அதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

1963-ஆம் ஆண்டு. பேராக்கில் ஒரு தோட்டத்தில் நான் இளங்கிராணி. பகலில் ஸ்டோரில் பால் நிறுத்துக் கணக்கெழுதுவேன். இரவில் ஆயாக் கொட்டகையில் கேஸ் விளக்கை ஏற்றி வகுப்பு நடத்துவேன். 1951-இல் ஊழியர் சேமநிதி வந்திருந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்திருந்தது. சேமநிதிப் பத்திரம், சந்தா ரசீது, சம்பளச் சீட்டு என்று காகிதம் பெருகிய காலம். எதில் பெருவிரலைப் பதிக்கிறோம் என்று தெரியாமலே பலர் பதித்து வந்தார்கள். அதற்காகத்தான் வகுப்பு.

இருபது பேரில் ஒரு பெரியவர் என்னைப் படாதபாடு படுத்தினார். பலகையில் எழுதினால் பின்னாலிருந்து சிரிப்பார். பக்கத்திலிருப்பவரிடம் ஊர்க்கதை பேசுவார். ஒருநாள், "பகலெல்லாம் எங்க பாலை நிறுக்கிறீங்க, கிராணி ஐயா. ராத்திரியில எங்களையும் நிறுக்க வந்துட்டீங்களா?" என்றார். கொட்டகையே சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொங்கிற்று. "இஷ்டமில்லாவிட்டால் வெளியே போகலாம்" என்றேன். முன் வரிசையில் அவர் மருமகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரோடு சேர்த்து ஏழு பேர் வரவில்லை.

சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க விரட்டினது ஒரு ஆளை இல்லை, ஒரு லயத்தையே" என்றார்.

அன்று மாலை பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வரக்காப்பி கொடுத்தார்கள். பேச்சோடு பேச்சாக அவர் மருமகளின் சிலேட்டை எடுத்து, கை எட்டிய மட்டும் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் கிட்டத்து எழுத்து தெரியவில்லை! நாற்பதைத் தாண்டியவர் பலருக்கும் வருவதுதான் இது. பழகிய கைக்கு மரம் வெட்ட அந்தக் கண் போதும், சிலேட்டுக்குப் போதாது. மருமகள் எதிரில் அதைச் சொல்ல வெட்கம். வெட்கந்தான் கேலியாக வெளிவந்தது.

அவர் மூக்குக்கண்ணாடி வாங்கும்வரை பலகையில் சாண் உயரத்துக்கு எழுதினேன். இன்னொன்றும் செய்தேன். எடைக் கணக்கையே பாடமாக்கினேன். இத்தனை ராத்தல் பால், அதில் இத்தனை உலர்ந்த ரப்பர், அதற்கு இத்தனை வெள்ளி என்று அவரவர் சீட்டை அவரவரே கணக்குப் பார்த்தார்கள். சில மாதம் கழித்து என் கணக்கில் ஒரு பிழையைப் பிடித்தவர் அந்தப் பெரியவரே! எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டு திருத்தினேன். அதிலிருந்து பின்வரிசையில் யாராவது பேசினால் அவரே அதட்டுவார்.

நண்பர்களே, நான் கண்ட வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூங்குபவரை எழுப்பாதீர்கள், விடியுமுன் பெரட்டுக்குப் போனவர் அவர். வகுப்பை முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். எல்லாம் தெரிந்தவர்போல் குறுக்கே பேசுபவரிடம் புதியவர் இருவரை ஒப்படையுங்கள், பேச்சு பாடமாகிவிடும். குடித்து வந்தவரோடு அன்றைக்கு வாதாடாதீர்கள். மறுநாள் தனியே பேசுங்கள். சம்பள நாளில் வகுப்பே வைக்காதீர்கள்! யாரையும் பிள்ளைகள் எதிரில், மருமகள் எதிரில் திருத்தாதீர்கள்.

நம் முன் உட்காருபவர் குடும்பம் நடத்தியவர், நிரை வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். எழுத்து ஒன்றுதான் அவரிடம் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், மறுநாள் அவர் வருவார் என்று காத்திராதீர்கள். அன்றே அவர் வாசலுக்கு நீங்கள் போங்கள்.