மருந்தென்னும் பெயரில்



கண்டி நகரின் மரக்கறிச் சந்தைக்கு விடியற்காலையிற் சென்றவர்கள் இக்காட்சியை அறிவார்கள். மாரஸ்ஸனவிலிருந்தும், ஹேவாஹெட்டையிலிருந்தும், ஹங்குராங்கெத்தைப் பக்கத்திலிருந்தும் வரும் போஞ்சியும் கோவாவும் தக்காளியும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. வாங்க வருவோர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கின்றனர். புழு துளைத்த இலையை எவரும் விரும்புவதில்லை. துளையற்ற இலைக்கே விலை அதிகம். அந்தத் துளையின்மைக்குத் தம் உடல் நலத்தை விலையாகக் கொடுப்பவர் யார் என்பது பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச எண்ணுகின்றேன்.

மலைநாட்டில் நாம் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். தோட்டத்திலே நஞ்சு தெளிப்பதை நாம் 'மருந்தடித்தல்' என்கின்றோம். பூச்சி மருந்து, புல்லு மருந்து என்கின்றோம். நமது சிங்களச் சகோதரரும் அதனை 'பெஹெத்' என்றே சொல்கின்றனர். காய்ச்சலுக்குக் குடிக்கும் கஷாயத்துக்கும், முதுகிலே தொங்கும் தாங்கியிலுள்ள நஞ்சுக்கும் இரு மொழியிலும் ஒரே பெயர்! பெயரினால் என்ன என்று கேட்கலாம். மருந்தென்று நம்பியதைக் கண்டு மனிதன் அஞ்சுவதில்லை. வெறுங்கையாற் கலக்குகின்றான்; அடைபட்ட குழாயை வாயால் ஊதுகின்றான்; அதே கையால் வெற்றிலையும் மடிக்கின்றான்.

இந்நஞ்சுகளுள் சேதனப் பொசுபரசு வகையைச் சேர்ந்தவை நமது உடலில் என்ன செய்கின்றன? நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசற்றைல்கோலின் என்னும் ஒரு பொருளைத் தூதாக அனுப்புகின்றது. தூது சென்று சேர்ந்ததும், கோலினெசுத்தரேசு என்னும் நொதியம் அதனை உடனே அழித்துவிடும். அழித்தால்தான் தசை ஓய்வு பெறும். நஞ்சு அந்த நொதியத்தையே கட்டிப் போடுகின்றது. தூதுவர் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டிக்கொண்டேயிருக்க, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குகின்றது, வாயில் நீர் ஊறி வழிகின்றது, உடல் வியர்க்கின்றது, தசைகள் துடிக்கின்றன, நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு முட்டுகின்றது. பூச்சிக்கு நேர்வதும் இதுவே. பூச்சியின் நரம்புக்கும் நமது நரம்புக்கும் வேதியியலில் அத்தனை நெருங்கிய உறவு!

இந்நிலையில் அத்ரோபீன் என்னும் மருந்து — இது உண்மையான மருந்து — பல உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் கதை அத்துடன் முடிவதில்லை என்பதை உலகுக்கு எடுத்துக் கூறியவர்கள் நமது கண்டிப் பிரதேசத்து வைத்தியர்கள் என்பதைப் பலர் அறியார்.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகிய இருவரும் 1987ஆம் ஆண்டிலே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாம் கண்ட 10 நோயாளரைப் பற்றியது அது. அந்நோயாளர் முதல் ஆபத்தைத் தாண்டியவர்கள். வியர்வையும் சளியும் அடங்கியவர்கள். அப்படியிருந்தும் நஞ்சு உட்சென்ற 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் அவர்களுடைய தோள், தொடைத் தசைகளும், கழுத்துத் தசைகளும், மூச்சுவிடும் தசைகளும் செயலிழந்தன. நால்வருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. மூவர் இறந்தனர். சிலருக்கு இந்தத் தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. நஞ்சு உண்டவுடன் தோன்றும் துன்பத்துக்கும், இரண்டு மூன்று வாரங்களின் பின் தோன்றும் நரம்பு நோய்க்கும் இடையில் வருவதால், இதனை 'இடைநிலைக் கூட்டறிகுறி' என அவர்கள் அழைத்தனர். இன்று உலகெங்கும் மருத்துவ நூல்கள் இப்பெயரை ஏற்றுள்ளன.

இது வைத்தியர்க்குரிய செய்தி, நமக்கென்ன என்று வானொலியை மூடிவிடாதீர்கள். நமக்குரிய செய்தி இதிலேதான் உண்டு. நோயாளி கண்திறந்து பேசியதும், "தெளிந்துவிட்டான், வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்று உறவினர் வற்புறுத்துவது நம்மிடையே வழக்கம். பிள்ளைகள் தனியே இருப்பார்கள், நாட்கூலி போய்விடும், பஸ்ஸுக்கு நேரமாகும் என்று காரணங்களும் உண்டு. அவற்றை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களே கத்தி முனை. படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையை உயர்த்த இயலாது தவிப்பாராயின், அது களைப்பன்று; கழுத்துத் தசை தளர்கின்றது என்பதன் அறிகுறி. உடனே தாதியை அழைக்க வேண்டும்.

இனி, இத்துன்பத்தின் அளவைப் பார்ப்போம். ஜெயரத்தினம் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் உழைத்தோரும் 1982இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் பீடைநாசினி நஞ்சினால் இலங்கை வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். 1,000 பேர் வரை மாண்டனர். அவர்களுள் நான்கிலொரு பங்கினர் தொழில் செய்யும்போதோ தற்செயலாகவோ நஞ்சுண்டவர்கள். மற்றையோரிற் பெரும்பாலோர் மனம் உடைந்த ஒரு வேளையிற் கைக்கெட்டியதை எடுத்தவர்கள். அந்த வேளை கடந்திருந்தால் வாழ விரும்பியிருக்கக்கூடியவர் அவர்களுள் எத்தனை பேர்!

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்த வந்தது. அச்சட்டத்தை நடத்தும் பதிவாளரின் அலுவலகம் நமது பேராதனை கெட்டம்பையிலேதான் உள்ளது. 1984இல் பரத்தியன் தடைசெய்யப்பட்டது. 1995 அளவில் மொனோக்ரோட்டோபொஸ், மெத்தமிடொபொஸ் முதலிய கொடிய வகைகள் நீங்கின. 1998இல் எண்டோசல்பான் நீங்கியது. 2008 முதல் 2011 வரையில் பரக்குவாற் என்னும் களைநாசினி படிப்படியாக விலக்கப்பட்டது. 1995இல் உச்சத்தைத் தொட்ட தற்கொலை வீதம் அடுத்த 20 ஆண்டுகளில் நூற்றுக்கு 70 பங்களவு குறைந்தது. விளைச்சல் குன்றுமே என்று அஞ்சியவர்களும் இருந்தனர். அவ்வாறு குன்றவில்லை என்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதற்கு மாறாக, 2021ஆம் ஆண்டிலே செயற்கை உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் ஒரே அடியாக இறக்குமதி செய்யாது நிறுத்தினார்கள். ஆண்டு முடியுமுன் அத்தடையைத் தளர்த்தவும் நேர்ந்தது. அதற்கிடையே கமக்காரர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மிகக் கொடியதை இனங்கண்டு ஒவ்வொன்றாக அகற்றுவது வேறு. மாற்று வழி காட்டாது கையை வெட்டுவது வேறு என்பது என் கருத்து.

வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்குக் களைநாசினியே காரணமா என்ற வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. அதை இங்கே விரிக்கவில்லை.

நஞ்சின் பாத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்ச் சிறுமியர் இருபதுக்கும் மேற்பட்டோருக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்தது. எல்லோரும் புதிதாகப் பருவமெய்தியவர்கள். நமது வழக்கப்படி அவர்களுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணெயிற் சேதனப் பொசுபரசு வகையைச் சேர்ந்த வேறொரு நஞ்சு கலந்திருந்தது. முன்னர்க் கனிய எண்ணெய் அடைத்திருந்த கலங்களிலே நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் நேர்ந்திருக்கலாம் என்று, முன்கூறிய சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செற் இதழில் எழுதினர். அன்போடு ஊட்டிய தாயின் கையால் நேர்ந்த கொடுமை இது. பூச்சிநாசினி வந்த பிளாஸ்டிக் கலத்தைக் கழுவிவிட்டு மண்ணெண்ணெய்க்கும், குடிநீருக்கும்கூட வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்குரிய கலமாகாது. அவ்வாறே நஞ்சைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும் ஆகாது. போத்தலைக் காணும் குழந்தைக்கு அது சோடாவே.

சென்ற ஆண்டு ஒரு மலைச்சரிவிலே போஞ்சித் தோட்டம் பார்க்கச் சென்றிருந்தேன். முதியவர் ஒருவர் அன்போடு வரவேற்றார். "ஐயா, இந்தப் பாத்தி சந்தைக்கு, அடுப்படிப் பக்கத்துப் பாத்தி நம்ம வீட்டுக்கு" என்றார். வீட்டுப் பாத்திக்கு மருந்தடிப்பதில்லையாம். அவரைக் குற்றஞ்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துளையுள்ள காயை நாம் வாங்கினோமா? எனினும் ஒன்று கேட்டேன்: கடைசியாகத் தெளித்ததற்கும் பறித்ததற்கும் எத்தனை நாள் என்று. அவர் சிரித்தார். சந்தையில் விலை ஏறிய நாளே பறிக்கும் நாளாம். லேபிளிலே எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென்று எழுதியிருப்பது வெறும் அலங்காரமன்று. நஞ்சு சிதைவதற்கு வேண்டிய காலம் அது. இலைமேற் படிந்ததை நாம் ஓடும் நீரிற் கழுவி ஓரளவு நீக்கலாம். செடியின் சாற்றிலே கலக்கும் வகையைக் கழுவி நீக்க முடியாது.

தெளிப்பவருக்கும் ஒரு சொல். காற்றை எதிர்த்து நின்று தெளிக்காதீர்கள். கைநீண்ட சட்டையும் காலுறையும் மலைநாட்டு வெயிலில் துன்பந்தான். ஆனால் தோலின் வழியாகவும் இந்நஞ்சு உட்செல்லும். தாங்கியை ஓயாவிற் கழுவாதீர்கள். அந்த ஓயா மகாவலியிற் சேர்கின்றது, மகாவலி நீரைத்தான் கண்டி நகரம் குடிக்கின்றது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்துவிட்டே உணவருந்துங்கள். மிச்சமிருப்பதைப் பெட்டியிலே பூட்டி, திறப்பை வீட்டிற் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள்.

தெளித்தவர் தலை சுற்றுகிறதென்றோ, கண் மங்குகிறதென்றோ சொன்னால், உப்பு நீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம். நனைந்த உடையை அகற்றி, உடலைக் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். புறப்படும்போது அந்தப் போத்தலையும் லேபிளோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சென்று அறிய வைத்தியருக்கு அது உதவும்.