வெயிலும் உப்பும் காத்த உயிர்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுக்கும் உங்கள் முன்னிலையில், சோறே கிடைக்காத காலத்தில் நம் தோட்டப்புறத்தார் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதுவரை மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. போரில் அந்த வரத்து முறிந்தது. ரப்பருக்கு விலை போயிற்று, வேலையும் போயிற்று. ஆடவர் பலர் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சிய பிள்ளைகளைக் காத்தவர்கள் பெண்கள்.

அவர்கள் நம்பியது மரவள்ளிக்கிழங்கை. அதில் நஞ்சும் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். தோலை இரண்டடுக்கும் உரித்து, நறுக்கி, நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். பிறகுதான் வெயில். நம் ஊரில் பிற்பகல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே காலை வெயிலில் பாயில் காயும், மாலையில் அடுப்பின் மேல் பரணுக்குப் போகும். துண்டு வளைந்தால் ஈரம் உண்டு. படக்கென்று ஒடிந்தால்தான் பானைக்குள் போடலாம். கிழங்கைத் துருவித் துணியில் பிழிந்தால், பால் அடியில் மாவாகத் தங்கும். அதையும் காயவைத்து எடுத்து வைப்பார்கள்.

அடுத்தது உப்பு. உப்பு நீரை உறிஞ்சிவிடுவதால் கிருமி வளர இடமில்லை. கடலோரக் கருவாடும் உப்பு நார்த்தங்காயும் இதே கணக்குத்தான். மோர் மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை மாற்றி மாற்றிச் செய்வார்கள். பயற்றை அடுப்புச் சாம்பலில் புரட்டினால் வண்டு அண்டாது.

பெரியோர்களே, அது பொற்காலம் அல்ல. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. கால் வீங்கும் பெரிபெரி நோய் பலரை வாட்டியது. ஒரு துண்டுக் கருவாடும் ஒரு பிடி முருங்கைக்கீரையும் சேர்ந்த கஞ்சிக்கு எவ்வளவு மதிப்பு என்பது அப்போது தெரிந்தது.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் லயங்கள் பல கலைந்துவிட்டன. அடுக்குமாடி வீட்டில் பாய் விரிக்க முற்றமில்லை. ஆனால், 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடைகளில் முண்டியடித்தோம். 2023-இல் உள்ளூர் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. பஞ்சம் பழங்கதை என்று இருந்துவிட முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எத்தனை நாள் வெயில், எத்தனை பிடி உப்பு என்று கேட்டு எழுதுங்கள். பேரப்பிள்ளைகளை விட்டு ஒருமுறை செய்தும் பாருங்கள். பசித்தவருக்குச் சோறிடுவது தருமம். சோற்றைக் காக்கும் அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதும் தருமமே.