வேலியிலே ஒரு நொச்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, தலைப்பு உங்க இஷ்டம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பனியன் தொழிலைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் மடத்துக்குளத்தில் இருக்கிற என் தோட்டத்து வேலியைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். சிரிக்காதீங்க. அந்த வேலிக்காக நானும் என் பங்காளி அண்ணனும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் இதுதான். எங்கள் இருவர் பூமிக்கும் நடுவே நானூறு அடி நீளத்துக்குப் பழைய உயிர்வேலி ஒன்று இருக்கிறது. கிளுவை கொஞ்சம், ஆடாதொடை கொஞ்சம், பெரும்பகுதி நொச்சி. அதை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேலி இரண்டு பக்கமும் ஆறடி அகலத்துக்கு இடத்தைப் பிடிக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்துக் கழிக்க வேண்டியிருக்கிறது, இப்போது ஆள் கிடைப்பதும் இல்லை.

நான் வேண்டாம் என்று சொல்வது பழமைப் பாசத்தால் அல்ல. அண்ணன் அவர் பக்கம் கத்தரியும் பந்தலில் பாகலும் போடுகிறார். அதற்கும் இந்த வேலிக்கும் கணக்கு இருக்கிறது.

பாகல், பீர்க்கு, பூசணி இவற்றிலெல்லாம் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். யாராவது மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்றால் அது மஞ்சளித்து வெம்பி விழுந்துவிடும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் சூம்பியும் வரும். சந்தையிலே அதைக் கழிசலில் தள்ளிவிடுவார்கள். நம்ம ஆட்கள் உடனே உரக்கடைக்குப் போய் நிற்பார்கள். இது எல்லா நேரமும் உரக் குறை இல்லீங்க, பல நேரம் ஈக் குறை.

கத்தரி, தக்காளி சங்கதி இன்னும் சுவாரஸ்யமானது. ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கிறது, ஆனால் கத்தரியின் மகரந்தப்பை நுனியில் மட்டும் ஊசித் துளை வைத்த குழாய் மாதிரி இருக்கும். காற்றசைவில் கொஞ்சம் கொட்டும். நன்றாகக் கொட்ட வேண்டுமென்றால் பூவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அதிர வைக்க வேண்டும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தவர்களில் இரண்டு பேர்: மரத்தில் துளை போடுகிற பெரிய கருவண்டு, அதாவது தச்சுத்தேனீ, இன்னொன்று வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ. "ங்ங்" என்று சத்தம் போட்டுக்கொண்டே பூவை உலுக்கும். காலை நேரத்தில் கத்தரிக்காட்டில் நின்றால் உங்கள் காதிலேயே விழும்.

இங்கேதான் முக்கியமான இடம். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுந்தான். அது குஞ்சுகளுக்குச் சாப்பாடு. பறந்து உழைக்கிற ஈக்குத் தேன் வேண்டும். அது பக்கத்தில் வேறு எங்காவது கிடைத்தால்தான் அந்த ஈ உங்கள் காட்டில் தங்கும். மில் கேன்டீனில் சாப்பாடு இல்லையென்றால் ஷிப்டுக்கு யார் வருவாங்க?

பக்கத்தில் என்றால் மெய்யாகவே பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெற்கே அமராவதி அணை தாண்டி ஆனைமலைக் காடு இருக்கிறது, அங்கே பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது இருபது கிலோமீட்டர் போல. கொசுத்தேனீயோ சில நூறு மீட்டர் தூரந்தான் போகும். வேம்பும் புங்கனும் பங்குனி, சித்திரை வாக்கில் பூத்து அள்ளிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடுகிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தென்னை ஒன்றை மட்டும் நம்பி இத்தனை வகை ஈயும் வண்டும் பிழைக்க முடியாது. 1957-ல் அமராவதி அணை வந்தபிறகு நெல்லும் கரும்புமாக இருந்த எங்கள் பக்கத்து வயல்கள் பல இப்போது தென்னை. தோப்புக்குக் கீழே பார்த்தால் துடைத்துவைத்த மாதிரி வெறும் மண்.

ஈக்களுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, பெட்டியில் வளர்த்த நம் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. புழுவெல்லாம் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்துப்போகும். பிறகுதான் இத்தாலியத் தேனீ இங்கே பரவலாக வந்தது. நாட்டுத் தேனீ மெதுவாக மீண்டு வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு ரோஷம் உண்டு. பூப் பஞ்சம் வந்தால் கூட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

இப்போது நொச்சிக்கு வருகிறேன். செடியா மரமா என்று கேட்பவர்களுக்கு: கழித்துக்கொண்டே இருந்தால் புதர், ஒரே தண்டாக ஏற்றிவிட்டால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போகிற சிறு மரம். பெரிய மரத்துக்குக் கீழே, கொஞ்சம் நிழல் கொஞ்சம் வெயில் கிடைக்கிற இடத்திலும் வளரும். ஆடு வாய் வைக்காது. எங்கள் வேலி இத்தனை காலம் தப்பியதே அதனால்தான். கோட்டையைக் காப்பவர்கள் சூடிய பூ என்று நம் புறப்பொருள் இலக்கணம் நொச்சிக்கு ஒரு திணையே கொடுத்திருக்கிறது. வேலிக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எது?

பூ பொடிப் பொடியாக, ஊதாவும் நீலமும் கலந்து, கிளை நுனியில் கொத்தாக வரும். கொசுத்தேனீ, கொம்புத்தேனீ, நாட்டுத் தேனீ, நான் சொன்ன கருவண்டு, நீலப்பட்டைக்காரர், எல்லோரும் வருவார்கள். சொட்டு நீர் கிடைக்கிற இடத்தில் ஏறக்குறைய வருஷம் முழுக்க அங்கங்கே பூவைப் பார்க்கலாம்.

ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூ புதுத் துளிரின் நுனியில்தான் வரும். சலூனில் கிராப் வெட்டுகிற மாதிரி வேலியை மாசாமாசம் நறுக்கினால் பச்சையாக இருக்கும், பூவே இருக்காது. நொச்சி பூக்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பவர்கள்தான். நான் நானூறு அடியை நாலாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பகுதியை வெட்டினால் மற்ற மூன்றைத் தொடுவதில்லை. மூன்று மாதம் கழித்து அடுத்தது. அதனால் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் பூ இருக்கிறது. ஒரே நாளில் இருபது ஆள் தேடும் தொல்லையும் போயிற்று.

நடுவது சுலபம். விரல் மொத்தத்தில், ஒரு முழ நீளத்தில் போத்து வெட்டி, ஆடியிலோ ஐப்பசி மழையிலோ சாய்வாக ஊன்றினால் போதும். வேலிக்கு நாலடி இடைவெளி. தோப்புக்குள் வைப்பவர்கள் தென்னையின் வயசைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து அடி இடைவெளியில் வைத்த தோப்பில் முதல் ஏழு வருஷமும், இருபது வருஷத்துக்கு மேலும் கீழே வெளிச்சம் இறங்கும். நடுவிலே இருக்கிற வயசில் நிழல் அதிகம். அப்போது நொச்சியை ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாத்தியிலிருந்து நாலடி தள்ளியே வையுங்கள், பக்கக் கன்று விடுகிற குணம் அதற்கு உண்டு.

வேலி அடியில் உழாமல் கிடக்கிற மண்ணையும் தொடாதீர்கள். நீலப்பட்டைத் தேனீக்குக் கூடு மண்ணுக்குள்தான். காய்ந்த மூங்கிலும் பட்டுப்போன கிளையும் கருவண்டின் வீடு. அப்புறம் மருந்து. அடித்தே ஆகவேண்டும் என்றால் பூவில் ஈ நிற்காத சாயங்கால நேரத்தில் அடியுங்கள். காலை எட்டு மணிக்கு அடிக்கிற மருந்து பூச்சியைவிட ஈயைத்தான் முதலில் பார்க்கும்.

2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' நம் மாவட்டத்தில் மரம் நடுவதை ஒரு பழக்கமாகவே ஆக்கியது. உங்களில் பலர் அதற்குக் கன்றும் இடமும் கொடுத்திருப்பீர்கள். நான் கேட்பது அதற்கு அடுத்த தட்டு. பெரிய மரத்துக்குக் கீழே, நம் தலைக்குக் கொஞ்சம் மேலே பூக்கிற சிறு மரங்கள். நொச்சி மட்டுமல்ல, நுணா இருக்கிறது, வெட்பாலை இருக்கிறது, மந்தாரை இருக்கிறது. வார இறுதிக்கு என்று ஊர்ப்பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் நண்பர்கள் காம்பவுண்டு சுவர் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

விலங்கியல் துறைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணனிடம் நான் ஒரு தவணை வாங்கியிருக்கிறேன். வருகிற பாகல் பட்டம் முடிகிறவரை வேலி நிற்கும். வேலியை ஒட்டிய பந்தல் வரிசையிலும், நூறு மீட்டர் தள்ளிய வரிசையிலும் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை எத்தனை ஈ வருகிறது, எத்தனை பெண் பூ பிஞ்சு பிடிக்கிறது, எத்தனை காய் கோணலாகிறது என்று எண்ணித்தர நாலு பேர் வேண்டும். என் பேச்சை அண்ணன் நம்பமாட்டார், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக் காட்டினால் நம்புவார். கணக்கு எனக்கு எதிராக வந்தாலும் அப்படியே எழுதுங்கள். பஸ் செலவும் காலைச் சாப்பாடும் என் பொறுப்பு.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என் வேனில் இருநூறு நொச்சிப் பதியன் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.