டெக்ஸா, டைகரா?



ஆகஸ்ட் மாதத்தில் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கும். அதை ஒட்டி நகரில் ஏதாவதொரு கூடத்தில் இன்னொரு கூட்டமும் சேர்வது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். வங்கி ஊழியர் இருப்பார், பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார், ஜவுளி வியாபாரி இருப்பார். வாசலில் நின்று கேட்டால் ஏதோ ரசிகர் மன்றத் தகராறு என்றுதான் தோன்றும். தலயை அசைக்க ஆளில்லை என்று ஒரு பக்கம் குரல் எழும்பும். தளபதிக்கு இருக்கும் கதை யாருக்கு இருக்கிறது என்று மறுபக்கம் பதில் வரும்.

சினிமா விவகாரம் இல்லை. தல என்று அங்கே சொல்லப்படுகிறவர் டெக்ஸ் வில்லர், 1948-ல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் கௌபாய். தளபதி என்பவர் கேப்டன் டைகர். 1963-ல் பிரான்சின் பிலோட் இதழில் ப்ளூபெர்ரி என்ற பெயரோடு அறிமுகமான அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி. இருவரையும் தமிழ் பேச வைத்தது சிவகாசி. கூடியிருப்பவர்கள் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள்.

இந்த வாதத்தைத்தான் இன்று ஒரு கலையாக எடுத்துக்கொண்டு எடைபோட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பிடித்த நாயகன் யார் என்று பேசுவது பொழுதுபோக்குதானே என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாத்திரம் இந்த இடத்தில் இப்படிச் செய்வானா, மாட்டானா என்று இரண்டு பேர் மணிக்கணக்கில் மோதிக்கொள்வது நல்ல விமரிசனம். நம் இலக்கியக் கூட்டங்கள் பலவற்றில் இதைக் கேட்கவே முடிவதில்லை.

எல்லாப் படக்கதைக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவைத் தெரியாத தமிழர் யார்? சிந்துபாத்தும் லைலாவும் நம் பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்டார்கள். ஒரு வழக்கோ வீட்டு வேலையோ முடியாமல் இழுத்தால் கன்னித்தீவு மாதிரி இழுக்கிறது என்கிறோம். ஆனால் சிந்துபாத் எப்படிப்பட்ட மனிதன் என்று எவரும் சண்டை போட்டுக் கேட்டதில்லை. நாளுக்கு இரண்டு மூன்று கட்டங்களில் நகரும் கதை அடுத்து என்ன என்ற கேள்வியைத்தான் வளர்க்கும். ஆளை எடைபோட வேண்டுமென்றால் அவன் ஒரு முடிவெடுத்து, அதன் விளைவை அனுபவித்து முடிக்கும் வரை கதை நம் கையில் இருக்க வேண்டும்.

முழுக்கதையை ஒரே புத்தகமாகக் கையில் கொடுத்தது முத்து காமிக்ஸ். 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. லண்டனில் 1962 முதல் வேலியண்ட் என்ற வார இதழில் வந்த கதை அது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

மாயாவியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டெல். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், அந்தக் கை மட்டும் மறையாது. மறைவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு மறுபடி பிளக் பாயிண்டைத் தேட வேண்டும். கறுப்பு வெள்ளையில் பிளாஸ்கோ வரைந்த கட்டங்களைப் பாருங்கள். நிழல் அப்பிய அறை, பாதி திறந்த கதவு, அந்தரத்தில் தனியாக ஓர் உலோகக் கை சுவிட்சை நோக்கி நகர்கிறது. அறையில் இருப்பவன் இன்னும் திரும்பவில்லை. இதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு ஐம்பது வயதிலும் மறக்காது. பிளக்கில் விரலை வைத்துப் பார்த்து உதை வாங்கியதைச் சொல்லிச் சிரிப்பவர்களும் கூட்டத்தில் உண்டு. (குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் செய்தது முட்டாள்தனம் என்று சொல்லிவையுங்கள்.)

மாயாவி ஏன் பிடிக்கும் என்று கேட்டால் முதலில் வரும் பதில் எல்லாம் அந்தக் காலத்து நினைவுதான். கோடை விடுமுறை, வாடகைப் புத்தகக் கடை, அண்ணனிடமிருந்து திருடிப் படித்தது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது மாயாவியைப் பற்றிய பேச்சு அல்ல, பேசுகிறவரின் பால்யத்தைப் பற்றிய பேச்சு. இந்த ரசிகர் உலகத்தின் பெரிய பலவீனம் இதுதான். மறுபதிப்பு வேண்டும், மறுபதிப்பு வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். வந்த புத்தகத்தை மறுபடி படித்தார்களா என்று கேட்டால் சிலர் புன்னகையோடு பேச்சை மாற்றுவார்கள்.

மறுபடி படித்தவர்கள் பேசும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கும். முதல் கதையில் மாயாவி நல்லவனே அல்ல என்பதை அவர்கள்தான் எடுத்துச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத வசதி கிடைத்ததும் அவன் கொள்ளையில் இறங்குகிறான். நிழற்படையில் சேர்ந்து உளவாளியானது பிற்பாடு. விரலில் துப்பாக்கி, விரலில் வயர்லெஸ் என்று கருவிகள் கூடக் கூட, அந்தப் பழைய பயம் குறைந்துபோனது என்பது ஒரு கட்சி. என் ஓட்டும் அதற்கே. சக்தி கூடினால் பாத்திரம் மெலிந்துபோகும். மின்சாரம் தேடி அலைந்த மாயாவிக்கு இருந்த பதைபதைப்பு, விரலுக்கொரு ஆயுதம் வைத்திருந்த மாயாவிக்கு இல்லை.

இதே சோதனையில் ஸ்பைடர் தேறுவதில்லை. குற்றச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு லயன் காமிக்ஸில் வந்தவர். அவருடைய கதைகளில் பெரும்பாலானவை சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதியவை. எண்பதுகளில் பையன்களைப் பித்துப்பிடிக்க வைத்தவை. இன்று அதே ரசிகர்கள் அன்போடு கூர்மண்டையர் என்று கூப்பிட்டுக்கொண்டே, காதுல பூ ரகம் என்று முத்திரையும் குத்திவிடுகிறார்கள். இயந்திர மனிதன் ஆர்ச்சிக்குச் சட்டித்தலையன் என்று பெயர். இந்தப் பட்டப்பெயர்களைக் கேலி என்று தள்ளிவிடாதீர்கள். ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அவர் ஊர்க்காரர் என்று அர்த்தம்.

இனி அந்தப் பெரிய வழக்குக்கு வருவோம்.

டெக்ஸ் வில்லரை உருவாக்கியவர்கள் ஜியான் லூயிஜி பொனெல்லி என்ற எழுத்தாளரும் அவுரேலியோ கல்லெப்பினி என்ற ஓவியரும். டெக்ஸ் ஒரு ரேஞ்சர். அதோடு நவஹோ செவ்விந்தியர்களின் தலைவர். அவர்கள் வைத்த பெயர் இரவுக் கழுகு. மனைவி லிலித் அந்த இனத்துப் பெண், அம்மை கண்டு இறந்துபோனவள். மகன் கிட், நண்பர் கிட் கார்சன், நவஹோ வீரன் டைகர் ஜாக் ஆகியோரோடு சேர்ந்து நால்வர் அணி. டெக்ஸ் தோற்கமாட்டார். குழம்பமாட்டார். அயோக்கியனைக் கண்டால் முதலில் முகத்தில் ஒரு குத்து, பேச்சு பிறகு. தமிழ் வாசகனுக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த ஊர் இது.

கேப்டன் டைகர் வேறு ஜாதி. கதை ஜான் மிஷெல் சார்லியே, ஓவியம் ஜான் ஜிரோ. உடைந்த மூக்கு, மழிக்காத முகம். சூதாடுவார், குடிப்பார், மேலதிகாரி சொன்னதைக் கேட்கமாட்டார். மின்னும் மரணம் என்ற பெயரில் 2015-ல் தமிழில் ஒரே தொகுப்பாக வந்த கதைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார் ஒளித்துவைத்த தங்கம், ஐந்து லட்சம் டாலர். அதைத் தேடி மெக்சிகோவுக்கு அனுப்பப்படுகிறார் டைகர். திரும்பி வந்தால் திருட்டுப் பட்டம், சிறை, அதற்கும் மேலே ஜனாதிபதியைக் கொல்லச் சதி என்ற பழி. சீருடை போய், பெயர் போய், வேட்டையாடப்படும் ஆளாகத் திரிகிறார். பக்கத்துக்குப் பக்கம் அந்த முகம் மாறுவதை ஜிரோ வரைந்திருக்கிறார். கன்னம் ஒட்டுகிறது, முடி வளர்கிறது, கண் உள்ளே போகிறது. தொடரின் முதல் புத்தகத்தையும் கடைசிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்லத் தோன்றும்.

டைகர் கட்சிக்காரர்களின் வாதம் இங்கே பலமானது. அடிபடாத ஆளுக்கு என்ன கதை இருக்க முடியும் என்பார்கள். டெக்ஸ் கட்சிக்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. தல ஜெயிப்பது எங்களுக்கும் தெரியும், எப்படி ஜெயிக்கிறார் என்று பார்க்கத்தான் வாங்குகிறோம் என்பது ஒரு பதில். வள்ளி திருமணம் நாடகத்துக்கு முடிவு தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்தோம்? இன்னொரு பதில் இன்னும் நுட்பமானது. டெக்ஸ் மாறுவதில்லை, வரைகிறவர்கள் மாறுகிறார்கள். இது டிச்சியின் டெக்ஸ், இது சிவிடெல்லியின் டெக்ஸ் என்று ஒரு கட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தோடியை யார் பாடுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கச்சேரி ரசிகரின் ஞானம் அது. பெயர் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக் கையை அடையாளம் காணும் பயிற்சி, நம் ஊரில் ஓவியக் கல்லூரிக்கு வெளியே வேறெங்கே நடக்கிறது?

எனக்குக் கட்சி உண்டு, மறைக்கவில்லை. டைகர்தான். ஆனால் டெக்ஸ் கதையில் எனக்குப் பிடித்தவர் கார்சன். வாசகர்கள் வெள்ளிமுடியார் என்று கொண்டாடும் கிழவர். போகிற இடமெல்லாம் விபரீதத்தை முன்கூட்டியே அறிவிப்பார், முனகுவார், மலைபோல் உருளைக்கிழங்கு வறுவலோடு இறைச்சி கிடைக்குமா என்று பார்ப்பார். டெக்ஸின் குறையற்ற தன்மையைப் பொறுத்துக்கொள்ள முடிவது பக்கத்தில் இவர் இருப்பதால்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த அரங்குகளில் பெண்கள் குறைவு, மிகக் குறைவு. 1984-ல் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே ஒரு பெண், மாடஸ்டி பிளைசி. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 முதல் லண்டன் நாளிதழில் வந்தவள். அவளுடைய தோழன் வில்லி கார்வின் அவளை இளவரசி என்றுதான் அழைப்பான். ரசிகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வில்லிக்கும் அவளுக்கும் காதல் கிடையாது. உயிரைக் கொடுக்கும் நட்பு, அவ்வளவுதான். கடைசிவரை ஆசிரியர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. பேசுவதற்கு இத்தனை இருக்க, கூட்டத்தில் இளவரசியின் பெயர் வந்தால் பேச்சு அவள் அழகோடு நின்றுவிடுகிறது. டைகரின் உடைந்த மூக்குக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி அவளுடைய நிதானத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

இந்தப் பேச்சுக்கு விளைவு இல்லாமலும் இல்லை. ஞாபகம் இழந்து, தோளருகே பச்சை குத்திய பதின்மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தான் யார் என்று தேடும் ஒருவனின் கதை இரத்தப் படலம். 2010-ல் அதை எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாகப் போட்டார்கள். குண்டு புக் என்பது அவர்கள் பாஷை. கறுப்பு வெள்ளையில் வந்ததை வண்ணத்திலும் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் வாசகர்கள். இதழ் நின்று நின்று வந்த ஒரு காலம் உண்டு. 2012 ஜனவரியில் நூறு ரூபாய்க்கு கம்பேக் ஸ்பெஷல் வெளியானபோது வாங்க ஆள் இருந்தது, இடைப்பட்ட காலத்தில் இந்த வாதம் ஓயாததால்தான்.

கடைசியாக, சிரிப்பு நாயகர்கள். இங்கே லக்கி லூக்குக்கு முதலிடம் என்பதில் சர்ச்சை இல்லை. பெல்ஜியத்து மோரிஸ் 1946-ல் படைத்து, பிறகு கொசினி எழுதி மெருகேற்றிய ஆள். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன். ஆனால் லூக்கின் குணம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. சதுரங்கம் ஆடும் குதிரை ஜாலி ஜம்பரைப் பற்றி வரும். எப்போதும் சோறு நினைப்பாகவே இருக்கும் நெட்டை டால்டன் ஆவ்ரெலைப் பற்றி வரும். எதிரியைப் பார்த்து வாலாட்டும் சிறைச்சாலை நாய் ரின் டின் கேனைப் பற்றி வரும்.

சிக் பில் தொடரில் இது உச்சத்துக்குப் போகிறது. திபே வரைந்த தொடர். அட்டையில் பெயர் சிக் பில்லுடையது. வீரன், நல்லவன், குறி தப்பாதவன். கூட்டத்தில் அவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முன்கோபக்கார ஷெரீப் டாக்புல்லையும், அவரிடம் தினமும் திட்டு வாங்கும் உதவியாளன் கிட் ஆர்டினையும் பற்றித்தான் அத்தனை பேச்சும். ஆர்டின் ஒவ்வொரு வேலையையும் சொதப்புவான், கோபித்துக்கொண்டு வேலையை விட்டு விலகுவான், திரும்பி வருவான். அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாரிடமும் அவனுக்கு ஆதரவு கேட்க வேண்டியதில்லை. அடுத்த ஈரோடு கூட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தால், டெக்ஸும் டைகரும் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, ஆர்டின் நடுவில் புகுந்து ஜெயித்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. சிக் பில்லுக்கு டெபாசிட் கிடைக்காது.